முத்திரை இருந்த இடம்

இதை எனக்குச் சொன்னவர் குணநாயகம்தான். தான் மூக்குடைபட்ட கதையைத் தன் வாயாலேயே சொல்கிறவர்கள் எங்கள் ஆட்களில் குறைவு. அதனால்தான் நம்பினேன்.

ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் யோகராணியின் அறை. பழைய தாள்களைப் பார்த்து எது மெய், எது கள்ளம் என்று சொல்வது யோகராணியின் தொழில். ஏல நிறுவனங்கள் அனுப்புவார்கள். இவர் பார்த்து, படிவம் நிரப்பி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புவார். பதினொரு வயதில் தாயோடு அகதியாக வந்தவர். எங்கள் ஆட்கள் கேட்டால் "கடதாசி பார்க்கிற வேலை" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

குணநாயகம் அவரிடம் வேலை பழகப் போன ஆள். இதில் ஒரு வேடிக்கை. குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குணநாயகம் கிளிநொச்சியில் காணிப் பதிவுக் கந்தோரில் இருபத்தாறு வருடம் இருந்தவர். கள்ளக் காணி உறுதிப் பத்திரத்தை மணத்தைக் கொண்டே பிடிப்பேன் என்று சொல்லுவார். யோகராணியை "ரீச்சர்" என்று கூப்பிடுவார், கொஞ்சம் நக்கலோடு. யோகராணி அவரை "அண்ணை" என்பார், நக்கல் இல்லாமல்.

குணநாயகத்தின் பேர்ஸுக்குள் மகன் நிரூபனின் படம் இருக்கும். இரண்டு யூரோ நாணயம் அளவு, முகம் மட்டும். மகன் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் செத்துப் போனவன். லொக்கெற்றுக்கு வெட்டிய படம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் சித்திரையில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் கடற்படையின் விருதுப் பத்திரங்கள். கடற்கண்ணி அகற்றும் கப்பல்களில் ஓடிய மாலுமிகளுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தோடு பெயர் அடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். இன்றைக்கு அதை விலை கொடுத்து வாங்குகிற விசர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த ஆட்சிமேல் யோகராணியின் அறையில் யாருக்கும் மரியாதை கிடையாது. மெய்யா கள்ளமா, அது மட்டும்தான் அங்கே கேள்வி.

இரண்டு தாளிலும் ஒரே பெயர். மாலுமி ஹின்ரிக் லூடர்ஸ். ஒரே திகதி. ஒரே கப்டனின் கையெழுத்து.

முதல் தாள் ஒரு ஏல நிறுவனத்திலிருந்து வந்தது. சுத்தமான தாள், கீழே கழுகும் கொக்கிச் சிலுவையுமாக முழு வட்ட முத்திரை. ஏலப் புத்தகத்தில் படமும் போட்டாயிற்று. இரண்டாவது தாளைக் கொண்டு வந்தவர் அந்த மாலுமியின் மகள், பெட்டர்சன் அம்மா, எழுபத்தெட்டு வயது. அந்தத் தாள் நாலாக மடித்து மடித்து நைந்து போயிருந்தது. முத்திரையின் வெளிவளையம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கழுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை.

பெட்டர்சன் அம்மா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"போர் முடிந்த மாதம். ஆங்கிலேயச் சிப்பாய்கள் எங்கள் படியில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அம்மா தையல் கத்தரிக்கோலை எடுத்து, கழுகை வெட்டி அடுப்பில் போட்டார். எனக்கு ஏழு வயது. மேசைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்."

"முழுத் தாளையும் ஏன் எரிக்கவில்லை?" என்று கேட்டார் குணநாயகம்.

"அதில் அப்பாவின் பெயர் இருந்தது. எங்கள் பழைய வீடு குண்டில் எரிந்து போயிற்று. அப்பாவின் உடல் கடலிலிருந்து வரவே இல்லை. அவர் பெயர் எழுதிய வேறு ஒரு துண்டும் எங்களிடம் இல்லை."

"வேறு யாரிடமாவது இந்தத் தாளைக் கொடுத்தீர்களா?"

"போன வருடம் ஒரு பழம்பொருள் வியாபாரி கேட்டார். ஒரு கிழமை வைத்திருந்தார். ஓட்டைத் தாள், ஒன்றுக்கும் உதவாது என்று திருப்பித் தந்தார். இப்போது பாருங்கள், என் அப்பா ஏலத்துக்கு வந்திருக்கிறார்!" தாளை யோகராணியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.  "என் அப்பா நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. எந்தக் கொடிக்குக் கீழே ஓடினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மா போலி செய்தவர் இல்லை. அதை மட்டும் எழுதித் தாருங்கள்."

அவர் படியிறங்கிப் போன பிறகு குணநாயகம் உதட்டைப் பிதுக்கினார்.

"கள்ளப் பேப்பர் கொண்டு வாறவை எல்லாரும் ஒரு கண்ணீர்க் கதையும் சேத்துத்தான் கொண்டு வருவினம், ரீச்சர்."

"அப்ப நீங்களே பாருங்கோ, அண்ணை" என்றார் யோகராணி. "இந்தமுறை முடிவு உங்கடை. கையெழுத்தும் உங்கடை."

குணநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடம் காத்திருந்த சொல் அது.

மூன்று நாள் பார்த்தார். ஊதா விளக்கின் கீழ் வைத்தார். பிற்காலத்துத் தாள் என்றால் பளிச்சென்று நீலமாக மின்னும். இரண்டும் மின்னவில்லை, இரண்டும் பழைய தாள்தான். தட்டச்சு எழுத்து பின்பக்கம் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவினார். இரண்டிலும் புடைத்திருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் படிவத்தை நிரப்பினார். படிவத்தில் ஐந்து கட்டங்கள். தாள், மை, முத்திரை, கையெழுத்துகள், சேதம். ஓட்டைத் தாளுக்கான படிவத்தின் கடைசிக் கட்டத்தில் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், இரண்டு வசனம் எழுதினார். எழுதும்போது கை தடங்கவே இல்லை என்று என்னிடம் சொன்னார்.

யோகராணி படிவத்தைப் பார்க்கவில்லை. "சொல்லுங்கோ" என்றார்.

"ரெண்டு கையெழுத்தும் மயிரிழை பிசகாமல் ஒண்டு. எந்த மனிசனும் ரெண்டு தரம் அப்பிடி வைக்கமாட்டான். அப்ப ஒண்டைப் பாத்துத்தான் மற்றது செய்தது."

"சரி. எதைப் பாத்து எது?"

"முழுசைப் பாத்துத்தான் ஓட்டை. கையெழுத்தை அச்சொட்டாப் போட்டிட்டான். முத்திரை சரிவரேல்லை. அதை மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு அம்மா, கத்தரிக்கோல், அடுப்பு எண்டு கதை கட்டினது. முத்திரை இல்லாத உறுதியை எங்கடை கந்தோரிலை மேசையிலை வைக்கவே விடமாட்டம்."

"நல்லா யோசிச்சிருக்கிறியள்."

"பின்னை?"

"எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. இந்த வெள்ளைத் தாளிலை உங்கடை கையெழுத்தை இருபது தரம் வையுங்கோ. கெதியா. கந்தோரிலை வைக்கிற மாதிரி."

"உதென்ன விளையாட்டு?"

"வையுங்கோ அண்ணை."

குணநாயகத்தின் கையெழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். பெயரை எழுதி முடித்து, பேனையைத் தூக்காமல் இடப்பக்கம் திருப்பி, கீழே ஒரு நீண்ட கோடு இழுப்பார். ஒரு காலத்தில் கிளிநொச்சியில் பாதிக் காணிகள் அந்தக் கோட்டின்மேல் நின்றன. இருபது தரமும் விறுவிறென்று வைத்தார்.

யோகராணி ஒரு நாணயத்தை எடுத்து, ஒரு கையெழுத்தின் கோட்டுக்கு நடுவில் வைத்தார்.

"ஏன் இந்த இடத்திலை நிப்பாட்டேல்லை?"

"கை ஓடேக்கை எப்பிடி நடுவிலை நிப்பாட்டுறது? அது ஓடித்தான் அடங்கும். முடியிற இடத்திலை தானா மெலியும்."

"இருபதிலை ஒண்டிலையும் நிக்கேல்லையோ?"

"இல்லை. ஏன் நிக்கவேணும்?"

யோகராணி முழுத் தாளை அவர் முன் தள்ளினார். "இந்தக் கப்டன் நிப்பாட்டியிருக்கிறார்."

குணநாயகம் பூதக்கண்ணாடியை எடுத்தார். கப்டனும் அவரைப் போலவே கோடு இழுக்கிற ஆள். கோடு இடப்பக்கம் திரும்பி, முத்திரையின் வளையத்தைத் தாண்டி உள்ளே போயிருந்தது. போய், கழுகின் செட்டைக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றிருந்தது. மெலியவில்லை. தடித்த கோடு தடித்தபடியே, சரிவாக வெட்டுண்டு நின்றது.

மூன்று நாளாக அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். முத்திரையின் அழகில் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

யோகராணி வெளிச்சப் பலகையைப் போட்டார். கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிகிற பலகை. முழுத் தாளைக் கீழே வைத்து, ஓட்டைத் தாளை அதன்மேல் வைத்து, கையெழுத்துக்குமேல் கையெழுத்து பொருந்தும்வரை நகர்த்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார். 

மேலே இருந்த தாளில் கப்டனின் கோடு ஓட்டையின் விளிம்புவரை ஓடியிருந்தது. அதற்கு அப்பால் தாளே இல்லை. கீழே இருந்த தாளில் அதற்கு அப்பாலும் தாள் இருந்தது, முத்திரை இருந்தது, கோடு மட்டும் இல்லை. கத்தரிக்கோல் வெட்டிய அதே சரிவில், அதே இடத்தில் அது நின்றிருந்தது.

"ஐயோ கடவுளே" என்றார் குணநாயகம். "ஓட்டையைப் பாத்துத்தான் முழுசைச் செய்திருக்கிறான்!"

"ம்."

"கழுகை எங்கையோ புத்தகத்திலை பாத்துப் போட்டிருக்கிறான். கோட்டின்ரை மிச்சத்தை அவன் எங்கை பாக்கிறது? அது அடுப்புக்குள்ளை போயிட்டுது."

"ம்."

"அந்த மனிசி சொன்னது முழுக்க மெய்."

யோகராணி அப்போதுதான் படிவத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தை வாசித்தார். டொச்சில் இருந்ததைத் தமிழில் மெல்லச் சொன்னார்.

"'வெட்டி மாற்றப்பட்ட ஆவணம். நம்பத்தக்கதாக ஏற்க முடியாது.' நல்ல டொச் அண்ணை. ஒரு பிழை இல்லை. உங்கடை மற்ற வசனங்கள் இப்பிடி இருக்கிறேல்லை. இதை எங்கை படிச்சனீங்கள்?"

குணநாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பேர்ஸை எடுத்தார். மகனின் படத்தை வெளிச்சப் பலகையில் வைத்தார்.

அது லொக்கெற்றுக்கு வெட்டிய படம் இல்லை. நிரூபனைப் போராளி இயக்கம் படைக்குப் பிடித்துக்கொண்டு போய் மூன்றாம் மாதம் எடுத்த படம். பதினேழு வயது, உடம்பில் வரிச் சீருடை. கடைசி நாட்களில், இராணுவத்தின் பக்கம் போகிற சனத்தோடு களப்புத் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன், மனைவியிடம் இருந்த சின்னக் கத்தரிக்கோலை வாங்கிக் கழுத்துக்குக் கீழே வெட்டினார். சீருடையை மண்ணுக்குள் புதைத்தார். முகத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு கடந்தார். பையனின் வேறு படம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜேர்மனிக்கு வந்து, அகதி விசாரணையில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். விசாரித்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதிய வசனம்தான் அது. நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இரண்டு வரியை அகராதி வைத்து அவர் நூறு தரம் வாசித்திருக்கிறார். டொச்சில் அவர் பிழையில்லாமல் கற்ற முதல் வசனம். மேன்முறையீட்டில் அனுமதி கிடைக்க நாலு வருடம் போனது.

"அந்தாள் எழுதினதை நானும் எழுதிப்போட்டன்" என்றார். "அந்த மனிசி என்ரை முகத்துக்கு முன்னாலை நிண்டு கத்தரிக்கோல் எண்டு சொல்லேக்கை எனக்கு உறைக்கேல்லையே, ரீச்சர். எனக்கு! எனக்கெல்லோ முதல் உறைச்சிருக்கவேணும்!"

யோகராணி படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். வெற்றுப் படிவம் இரண்டு எடுத்து மேசையில் வைத்தார்.

அடுத்த நாள் காலை ஏல நிறுவனத்து முதலாளி தானே வந்துவிட்டார். வோல்ட்மான் என்று பெயர். முடிவைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏலம் நாளைக்கு" என்றார். "புத்தகம் அச்சடித்து எல்லோர் கைக்கும் போய்விட்டது. முழுத் தாள் கள்ளமாம், ஓட்டைத் தாள் மெய்யாம். யார் நம்புவார்கள்?"

அவர் யோகராணியைப் பார்த்துத்தான் கேட்டார். யோகராணி தேத்தண்ணிக்குக் கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "இந்த முடிவு அவருடையது" என்றார்.

குணநாயகம் எழுந்து நின்றார். அவரின் டொச் ஆட்டம் கண்ட டொச். ஆனாலும் கோடு, விளிம்பு, சரிவு என்று விரல் வைத்துக் காட்டினார். வோல்ட்மான் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். முகம் மாறியது. அவருக்கும் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கேளுங்கள். கள்ளம் என்று எழுத வேண்டாம், மெய் என்றும் எழுத வேண்டாம். இரண்டு தாளுக்கும் 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதுங்கள். ஒருவருக்கும் நட்டம் இல்லை."

"பெட்டர்சன் அம்மாவுக்கு?"

"அவர் வயதானவர். ஓட்டைத் தாளை வைத்து என்ன செய்யப் போகிறார்?"

குணநாயகத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எனக்கு முடிவு தெரியும்" என்றார். "தெரிந்துகொண்டே இயலாது என்று எப்படி எழுதுவது? அப்படி ஒரு தாளில் நான் நாலு வருடம் சீவித்திருக்கிறேன், ஐயா. இன்னொரு ஆளை அதற்குள் அனுப்ப மாட்டேன்."

வோல்ட்மானுக்கு அது பாதி விளங்கியிருக்காது. மறுப்பு மட்டும் விளங்கியது.

"எழுதினால் இந்த அறைக்கு என்னிடமிருந்து இனி ஒரு தாளும் வராது."

அந்த அறைக்கு வருகிற தாள்களில் பாதிக்குமேல் அவருடையவை. குணநாயகத்துக்கு அது நன்றாகத் தெரியும். அறை யோகராணியுடையது என்பதும் தெரியும். யோகராணியின் முதுகைப் பார்த்தார். யோகராணி மூன்று கோப்பையை எடுத்து வரிசையாக வைத்தார். அதில் ஒன்று வோல்ட்மானுக்கு. 

"வராட்டிப் போகட்டும்!" என்றார் குணநாயகம் தமிழில். பிறகு அதையே டொச்சில் சொன்னார்.

"எழுதுங்கள், பார்ப்போம்" என்று வோல்ட்மான் கதிரையை இழுத்து எதிரே இருந்துகொண்டார்.

குணநாயகம் பேனையைத் திறந்தார். முழுத் தாளுக்கான படிவத்தை முதலில் எழுதினார். 'போலி. மற்றத் தாளைப் பார்த்துச் செய்யப்பட்டது.' இருபத்தோராம் தரமாகக் கையெழுத்து வைத்து, கோட்டை விளிம்புவரை இழுத்தார். பிறகு பெட்டர்சன் அம்மாவின் தாளுக்கான படிவம். தாள், பழையது. மை, பழையது. முத்திரை, வெளிவளையம் மட்டும். கையெழுத்துகள், கப்டனுடையது, மெய். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. சேதம் என்று அச்சடித்திருந்தது. கீழே இரண்டு வசனத்துக்கு வெற்றிடம்.

வோல்ட்மான் பார்த்துக்கொண்டிருந்தார். குணநாயகம் பேனையைத் தூக்கியபடி, தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"ரீச்சர், அந்த அம்மாவின்ரை தாய்க்கு என்ன பேர்?"

"வில்மா. வில்மா லூடர்ஸ். ஏன்?"

"ஒண்டுமில்லை. இந்த ஓட்டையை எழுதவேணும். சேதம் எண்ட கட்டத்திலை எழுதக் கை வருகுதில்லை."

யோகராணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"அங்கை ஏன் எழுதுறியள்? மேலை, கையெழுத்துகள் எண்ட கட்டத்திலை எழுதுங்கோ. கப்டனுக்குக் கீழை. வில்மா லூடர்ஸ், கத்தரிக்கோலாலை."